வரல நைனாவும் நான்கு விநாடியும்

உலகத்தில் நடப்பதைக் கவனிக்கிறவர்கள் கோடிப் பேர். செய்தித்தாள்காரர்கள், ஜோதிடர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த வகை. நடக்காததைக் கவனித்தவர் என்று நான் கண்டது ஒரே ஒரு மனிதரைத்தான். தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் எங்கள் தொழிற்சாலையின் எடைமேடை அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய சம்பளச் சீட்டில் இருந்தது. அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அவர் 'வரல நைனா'.

ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்தில் யாரையும் 'நைனா' என்று அழைக்கலாம். இவர் சென்னையிலிருந்து வரும் நிர்வாக இயக்குநரையும் அப்படித்தான் அழைத்தார். அவர் பேச்சில் முக்கால்வாசி ஒரே வாக்கியம். "இன்னும் வரல நைனா."

எது வரவில்லை? எதுவும். லாரி வரவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைச் சங்கு வரவில்லை. தண்ணீர் கேன்காரர் வரவில்லை. பத்து மணிக்கு ஏரிப் பக்கமிருந்து வரவேண்டிய கொக்குகூட வரவில்லை. ஒரு நாளில் வரவேண்டியவை எல்லாம் அவர் தலைக்குள் வரிசையில் நின்றன. வந்தவை வந்த வழியே போய்விடும். வராதவற்றுக்காக அவர் காத்திருப்பார்.

நான் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் காலை ஆறு மணி ஷிப்டு அதிகாரி. அதிகாரி என்றால் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு என்று அர்த்தம். என் மேசை இழுப்பறையில் ஒரு நாவலும், அதற்கு அடியில் வார இதழுக்கு எழுதும் நகைச்சுவைக் கட்டுரையும் எப்போதும் இருக்கும். கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்த இழுப்பறைக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது.

ஒருநாள் காலை ஏழேமுக்காலுக்கு எடைமேடையிலிருந்து போன்.

"நைனா, பதினோரு மணி லாரி முக்கா மணி நேரம் லேட்டு. ஒரகடத்துக்குச் சொல்லிடு."

ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலை எங்கள் ரப்பர் பட்டைக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எங்கள் லாரி தாமதமானால் அங்கே கார்கள் கதவை மூட வழியில்லாமல் வரிசையில் நிற்கும். பதினோரு மணி லாரியைப் பற்றி ஏழேமுக்காலுக்கு இவருக்கு எப்படித் தெரியும்?

"கடுகு வாசனை இன்னும் வரல நைனா."

"என்னது?"

"கேன்டீன்ல ஏழரைக்குத் தாளிப்பாங்க. வரல. அப்போ கேஸ் தீந்துபோச்சு. சிலிண்டரு கும்முடிப்பூண்டியிலேர்ந்து வரணும். நாஷ்டா லேட்டாவும். நாஷ்டா லேட்டுன்னா ரெண்டாம் லைன் ஆளுங்க லேட்டா போவாங்க. அதுக்குள்ள ரப்பர வேகவெக்கிற சூளை ஆறிப்பூடும். மறுபடி சூடேத்தணும். நீயே கணக்குப் போட்டுக்கோ."

நான் சிரித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினேன். ஒரகடத்துக்குச் சொல்லவில்லை. லாரி பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை எழுதினால் இந்த இதழின் ஆசிரியர் வெட்டிவிடுவார். நைனா மாலையில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

"அஞ்சு நிமிசம் தப்பாச் சொல்லிட்டேன் நைனா. சட்னிக்குத் தேங்காயும் வரலன்னு எனக்குத் தெரியாமப்போச்சு."

கவரைப்பேட்டையில், சூளைப் பிரிவு தேவதாஸின் மகள் கல்யாணம். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. நைனா மட்டும் மண்டப வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சாப்பிட வாங்க நைனா."

"இரு. மாப்ள ஊட்ல இன்னும் யாரும் கோச்சுக்கல."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? வரவேண்டியது வந்துடணும். பந்தில வரலன்னா வண்டி ஏறும்போது வரும். அப்போ பெருசா வரும்."

கால் மணி நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, தனக்கு மட்டும் யாரும் சோடா தரவில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நைனாவின் முகம் மலர்ந்தது. "வந்துச்சு" என்றார். பிறகு நிம்மதியாக இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

என் குடும்பத்துக்கும் அவரிடம் ஒரு கால அட்டவணை இருந்தது. தினமும் பதினோரு மணிக்கு என் மனைவி போன் செய்வாள். எடைமேடை அறையிலிருந்து பார்த்தால் என் ஜன்னல் தெரியும். ஒருநாள் பதினொன்றேகாலுக்கு நேரே என் மேசைக்கு வந்தார்.

"அம்மா போனு இன்னும் வரல. காலைல சண்டையா?"

"இல்லையே."

"அப்போ சண்டைன்னு தெரியாமயே போட்டுட்டு வந்துக்கீற. போறப்ப பூ வாங்கினு போ."

வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு எங்கள் கல்யாண நாள்.

எங்கள் தொழிற்சாலையில் அந்த நாட்களில் தவறுகளை ஆராயும் முறை ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் எல்லாரும் ஓர் அறையில் கூடி, போன மாதம் எந்த லாரி ஏன் தாமதமானது என்று பேசுவோம். பிரேதப் பரிசோதனை போலத்தான். காரணம் துல்லியமாகத் தெரியும். பிரேதம் எழுந்து உட்காராது. கடைசி வரிசையிலிருந்து நைனா முணுமுணுப்பார்: "அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இதற்கு ஒரு முடிவு கட்ட நிர்வாகம் சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் குழுவைக் கூட்டிவந்தது. அதன் தலைவி பவித்ரா என்ற பெண். கேன்டீனில் எங்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"கேட்ல ஒரு வண்டி வந்தா அது ஒரு நிகழ்வு. எடை போட்டா இன்னொன்னு. சூளை சூடானா இன்னொன்னு. இதெல்லாம் தனித்தனியா எங்கயோ பதிவாகி மாசக் கடைசியில ரிப்போர்ட்டா வருது. இனிமே ஒவ்வொன்னும் நடக்கிற அந்த நொடியே ஒரே இடத்துக்கு வந்துடும். தனியாப் பார்த்தா ஒன்னும் தெரியாது. நாலைஞ்சைச் சேர்த்துப் பார்த்தா, அடுத்து எங்க சிக்கல் வரும்னு இப்பவே தெரிஞ்சுடும்."

"கடுகு" என்றார் நைனா.

"என்ன சார்?"

"ஒன்னும் இல்லம்மா. வரவேண்டியது வரலன்னா இன்னா பண்ணும் உன் மிஷினு?"

பவித்ரா பேனாவைக் கீழே வைத்தாள். "அதுதான் சார் இதுல கஷ்டமானது. நடந்தது தானே வந்து சொல்லிடும். நடக்காதது வந்து சொல்லாது. இந்நேரத்துக்குள்ள வரணும்னு ஒரு கடிகாரம் வெச்சுக் காத்திருக்கணும்."

நைனா எழுந்து நின்றுவிட்டார். தன் பாஷை பேசும் ஓர் ஆளை முதன்முறையாகச் சந்தித்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். கேன்டீன் டீயெல்லாம் இந்தப் பெண்ணுக்குக் கூடாது என்று, கேட்டுக்கு எதிரே கஸ்தூரி அக்கா கடையிலிருந்து டீ வரவழைத்தார்.

ஒன்பது நாள் இருவரும் உட்கார்ந்தார்கள். நைனா சொல்லச் சொல்ல அவள் மிஷினுக்கு விதி எழுதினாள். தகராறு இல்லாமல் ஒரு விதியும் எழுதப்படவில்லை.

"ஆந்திரா லாரி டிரைவரு எறங்கி, குழாயில மூஞ்சி கழுவினான்னா பேப்பரு எல்லாம் சரியா கீது. கழுவாம நேரா டீக்கடைக்குப் போனான்னா ஒரு பேப்பர் இல்ல. எவனுக்கோ போன் போடப் போறான். எழுதிக்கோ."

"சார், முகம் கழுவறதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நான் கண்டுபுடிக்கிறேனே."

"மிஷினுக்குக் கண்ணு இல்ல சார்."

"கண்ணு இல்லாததையா வேலைக்கு வெச்சாங்க?"

கடைசியில் சமரசம் ஆயிற்று. லாரி கேட்டுக்குள் வந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் காகிதங்கள் கவுண்டருக்கு வராவிட்டால் எச்சரிக்கை. நைனாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. குழாயடியைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. எடைமேடை தானியங்கி ஆகிவிட்டது. நைனாவை ஒரு கண்ணாடி அறையில், பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் சட்டையை பேண்டுக்குள் விட ஆரம்பித்தார். அவருக்கு வேலை தொடங்குவது காலை எட்டு மணிக்குத்தான். ஆனால் ஐந்து ஐம்பதுக்கே வந்து கேட்டில் வருகை அட்டையை வைத்துவிடுவார். "ஆறு மணிக்கு ஷிப்டு மாறும் நைனா. அப்பதான் நெறய வராமப் போவும்" என்பார்.

இனி எங்கள் சாதனையைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைகள் எங்கள் கைபேசிக்கு வரும். ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தாச்சு' என்று ஒரு பொத்தான். ஐந்து நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால் செய்தி மேனேஜருக்குப் போகும். கால் மணி நேரத்துக்குள் அவரும் அமுக்காவிட்டால் நிர்வாக இயக்குநருக்குப் போகும். நாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. நாங்கள் கற்றுக்கொண்டது அமுக்குவதை.

தேவதாஸ் இரண்டு கையாலும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே முழங்கையால் அமுக்குவார். இன்னொருவர் தன் மாமியாரின் பாடைக்கு முன்னால் நடந்தபடியே அமுக்கினார். நாவலின் பக்கத்தைப் புரட்டும் அதே விரலால், தலை நிமிராமல் அமுக்கும் வித்தை எனக்குக் கைவந்தது. பெரிய திரையில் எல்லாம் பச்சை. சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

நைனா மட்டும் பேஜாராகிவிட்டார். ஒருநாள் என் மேசையைத் தட்டினார்.

"பாக்காமயே 'பாத்தாச்சு'ன்னு போட்றியே, அது பொய் சாட்சி நைனா. கால் போய்ப் பாக்கணும். அப்புறம்தான் கை அமுக்கணும்."

"ஒரு நாளைக்கு நூறு வருது நைனா. நூறு தடவை நடந்தா எனக்கு மெடல்தான் குடுக்கணும்."

"நூறு வர்ற மாதிரி எழுதினது என் தப்பு. கொறைக்கிறேன். நீ பாக்காதது யார் தப்பு?"

சொன்னபடி பவித்ராவிடம் பேசிப் பாதி விதிகளை எடுக்கவைத்தார். எடுத்த கையோடு ஒன்றைச் சேர்க்கவும் வைத்தார். அது எனக்குத் தெரியாது. ஒருநாள் காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு என் கைபேசி அதிர்ந்தது. 'அட்டை எண் 114 இன்னும் வரவில்லை.'

நைனாவின் அட்டை! பதறிப்போய் கேட்டுக்கு ஓடினேன். கஸ்தூரி அக்கா கடைக்குப் பின்னாலிருந்து டீ கிளாஸுடன் நைனா வெளியே வந்தார்.

"பாஸ் நைனா! அஞ்சு நிமிசத்துல வந்துட்ட."

"இது என்ன விளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. ஆறு அஞ்சு வரைக்கும் நான் அட்டை வெக்கலன்னா உனக்கு வரும். பவித்ராம்மா எழுதிக் குடுத்துச்சு."

"எனக்கு எதுக்கு?"

நைனா கிளாஸைச் சுற்றிச் சுற்றி, கீழே தங்கிய சர்க்கரையைப் பார்த்தார்.

"அவ போயி மூணு வருசம் ஆவுது. பொண்ணு பொதட்டூர்பேட்டைல குடும்பம் பண்ணிக்கினு கீது. ஏரிக்கரைல எங்க ஊட்டுக்குப் பக்கத்துல வேற ஊடே இல்ல. ஒருநாள் நான் வரலன்னா யாருக்கு நைனா தெரியும்? இருவது வருசமா எவன் வரல, எது வரலன்னு பாத்துக்கினு கீறேன். எனக்கு ஒருத்தன் வேணாமா?"

"நான் இல்லியா?" என்றாள் கஸ்தூரி அக்கா, பால் சட்டியைக் கிளறியபடி.

"இனிமே உனக்கு அந்தக் கவல வேணாம்மா. மிஷினே பாத்துக்கும்."

ஊரில் இத்தனை பேர் இருக்க, ஒரு மனிதர் தம்மைப் பார்த்துக்கொள்ள என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேர்வு சரியில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் மறுபடி வந்தது. இந்த முறை நான் ஓடவில்லை. போன் செய்தேன். "கடைக்குப் பின்னாடியா?" "ஆமா நைனா. கால் வரல, கொரல்தான் வந்துச்சு. பாதி மார்க்கு."

மூன்றாவது முறை போனும் செய்யவில்லை. அமுக்கிவிட்டேன். ஆறரைக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னா நைனா, நான் செத்துப்பூட்டேன்னு வெச்சுக்கோ..."

"சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி லீவ் லெட்டர் குடுத்துட்டுச் சாவுங்க நைனா. உங்க மிஷினுக்கு முன்தகவல் வேணும்."

அலுவலகம் முழுவதும் சிரித்தது. தேவதாஸ் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். நைனாவும் சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

அது ஐப்பசி. ராத்திரி முழுதும் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை. பல்வலியைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரி வாய்க்கு வந்து கைக்கு வராமல் இருந்தது. அந்த நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. 'அட்டை எண் 114 இன்னும் வரவில்லை.' மழை விட்ட குஷியில் மனிதர் விளையாட வந்துவிட்டார் என்று நினைத்தேன். அமுக்கினேன். கடைசி வரி வந்தது. அந்தக் கட்டுரை பிறகு வெளியாயிற்று. நன்றாக இருந்ததாக மூன்று பேர் சொன்னார்கள்.

எட்டு மணிக்குக் கண்ணாடி அறை பூட்டியபடியே இருந்தது. மேனேஜர் கேட்டார். "டீக்கடைக்குப் பின்னாடி இருப்பார் சார், நான் இழுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன். இந்த முறை அவரிடம் சொல்ல ஒரு நல்ல ஜோக் வைத்திருந்தேன். அது என்ன என்பது இப்போது நினைவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது.

"நைனாவா? இன்னிக்கி வரவே இல்லியே சார்" என்றாள் கஸ்தூரி அக்கா.

"வரலையா? ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்க போன்ல வந்துடும்னு அவரே சொன்னாரே. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

காவலாளி முனுசாமியின் பைக்கில் ஏரிக்கரைக்குப் போனோம். கதவு திறந்தபடி இருந்தது. நைனா வாசற்படிக்கு உள்ளே தரையில் கிடந்தார். சட்டை பேண்டுக்குள் விட்டிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. சாப்பாட்டுப் பை சாய்ந்து, ரசம் ஒழுகிக் காய்ந்திருந்தது. ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டரை. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிச்ச வாக்கியம் எனக்கு இன்னும் வரவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. பத்து நாள் கழித்து மகள் வந்து பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த மாதக் கடைசியில் மிஷின் ஒரு பட்டியல் தந்தது. எச்சரிக்கைக்கு மிக விரைவாகப் பதில் தந்தவர் யார் என்று. முதலிடம் எனக்கு. என் மிகச் சிறந்த நேரமாக அது எடுத்துக் காட்டியிருந்தது இதைத்தான்: ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த செய்தி, அட்டை எண் 114, பதில் தர எடுத்துக்கொண்ட நேரம் நான்கு விநாடி. மேனேஜர் பட்டியலை முழுதாகப் படிக்கவில்லை. அவரும் எங்கள் தொழிற்சாலைக்காரர்தானே. எல்லாருக்கும் முன்னால் கைகுலுக்கி ஒரு ஹாட் பேக் பரிசளித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். 'வேண்டாம்' என்ற சொல் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. அந்தப் பெட்டியை என் மனைவி ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. நான் ஏன் திறக்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஏறி, சென்னையில் இறங்கி, திருத்தணி வண்டி பிடித்தேன். திருவாலங்காட்டில் வண்டி சிக்னலுக்காக வெகுநேரம் நின்றது. காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடிய ஆண்டவன் இருக்கும் ஊர். நாற்காலியிலிருந்து ஒரு காலைக் கீழே வைக்காதவன் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முப்பது வருடமாக எழுதுகிறவனுக்கு இரண்டு வாக்கியம் கிடைக்கவில்லை.

பொதட்டூர்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறி. வீட்டுக்கு வீடு தடக் தடக் என்று சத்தம். நைனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது புருவம் மட்டும் ஏறியது.

"வாங்க சார்" என்றாள் மகள். "அப்பா நல்லாத்தான் கீறாரு. பேச்சுதான் வரல. ஆனா சும்மா இருக்க மாட்டேன்றாரு. பக்கத்து ஊட்ல ஒரு தறி நின்னாப் போதும், கத்துவாரு. நான் போயி இன்னான்னு பாத்துட்டு வந்து சொல்லணும். அடுப்புல இன்னா இருந்தாலும் சரி, போயே ஆவணும்."

"போவீங்களா?"

"போவாம? போய்ப் பாக்காமயே சொன்னா கண்டுபுடிச்சிடுவாரு சார்."

அவள் உள்ளே போனாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நைனா, அன்னைக்கு எனக்கு வந்துச்சு. சரியா ஆறு அஞ்சுக்கு வந்துச்சு. உங்க மிஷின் மேல தப்பே இல்ல. நான் பார்க்கல. நாலு செகண்ட்ல அமுக்கிட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதி முகம் அவருடையதாக இல்லை.

அப்போது பக்கத்து வீட்டில் ஒரு தறி நின்றது. எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கச் சத்தம் அப்படியேதான் இருந்தது. நைனாவின் தலை திரும்பியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளேயிருந்து மகள், "தோ வரேம்ப்பா" என்றாள். அவர் இடது கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் போனேன். பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் நின்ற தறியின்மேல் குனிந்திருந்தாள்.

"தறி ஏம்மா நின்னுது?"

"நூல் அறுந்துச்சு. முடி போடறேன்." நிமிர்ந்து பார்த்தாள். "கெழவரு அனுப்சாரா? தெனம் இதே பேஜாரு. என் ஊட்டுக்காரருகூட இவ்ளோ கேக்க மாட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒத்த நூல்தான்னு சொல்லுங்க. இப்ப ஓடிடும்."

திரும்பி வந்து கட்டிலருகே நின்றேன்.

"நூல் அறுந்திருக்கு நைனா. ஒத்த நூல்தான். முடி போட்டுட்டு இருக்காங்க. இப்ப ஓடிடும்."

அவர் இடது கையை நீட்டினார். என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பினார். நடுவில் தன் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை அமுக்கினார். எல்லாச் செய்திகளையும் நாங்கள் அமுக்குவோமே, அப்படி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது.

பங்குனியில் மகள் போன் செய்தாள்.

"அப்பா போயிட்டாரு சார். காத்தால நாஷ்டா குடுத்துட்டுத் திரும்புறேன், போயிட்டாரு. எல்லாத் தறியும் ஓடிக்கினுதான் இருந்துச்சு சார். ஒன்னுகூட நிக்கல."

காரியத்துக்குப் போய் வந்த மறுநாள் பவித்ரா பேசினாள். விதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாளாம். "சார், 114 விதி இன்னும் ஓடுது. தினம் காலைல உங்களுக்கு வந்துட்டே இருக்குமே. எடுத்துடவா?" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

இப்போதும் தினமும் ஆறு ஐந்துக்கு வருகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறேன். கேட்டைத் தாண்டி, கஸ்தூரி அக்கா கடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறேன். ஏரிக்கரையிலிருந்து வரும் பாதையையும் ஒரு நிமிடம் பார்க்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அமுக்குகிறேன். ஒன்பது நிமிடம் ஆகிவிடுகிறது. ஐந்து நிமிடம் தாண்டியதும் செய்தி மேனேஜருக்குப் போய்விடும். அவரும் அமுக்காமல், நான் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார். மாதப் பட்டியலில் இப்போது என் பெயர்தான் கடைசி.

கேட்டில் முனுசாமி தினமும் கேட்கிறான், சிரிக்காமல்: "இன்னா சார்?"

"இன்னும் வரல" என்கிறேன்.